விண்டோஸ் 7 பழைய கணினி: எதை இன்ஸ்டால் செய்தாலும் ஒரு எரர். எதிலிருந்து தொடங்குவது?

பழையபெட்டி (கேள்வி)

வணக்கம். கணினி விவரம்: கோர் 2 டியோ இ7500, ஜி31 போர்டு, 2 ஜிபி டிடிஆர்2 ராம், 160 ஜிபி சாட்டா ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம் 64 பிட். பழைய டிவிடியிலிருந்து சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டது. டி டிரைவைத் தொடவில்லை, அதில் முந்தைய ஃபோல்டர்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சி டிரைவில் 6 ஜிபி காலி.

வரும் எரர்கள்:

ஒரு கணக்கு மென்பொருள் இன்ஸ்டால் ஆகிறது, திறந்தால் "ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி-ரன்டைம்" என்று தொடங்கும் டிஎல்எல் (மென்பொருட்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் கோப்பு) இல்லை என்கிறது. அதற்கு விஷுவல் சி++ 2015 ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் போட வேண்டும் என்று படித்தேன். அதைப் போட்டால் 80240017 என்ற எண்ணோடு "செட்டப் ஃபெயில்டு".

டாட் நெட் 4.8 ஆஃப்லைன் இன்ஸ்டாலர், இந்த இயங்குதளத்தில் ஓடாது என்று முதல் திரையிலேயே நிறுத்திவிடுகிறது.

ஸ்கேனர் மென்பொருள் பாதிக்கு மேல் ஓடி, எரர் 1603 காட்டி, செய்ததையெல்லாம் திரும்ப அழித்துவிட்டு வெளியேறுகிறது. ஒவ்வொரு முறையும் இதேதான்.

வீடியோ எடிட்டர் ஒன்று சிக்கல் இல்லாமல் இன்ஸ்டால் ஆனது. திறந்த உடனே "ஸ்டாப்டு வொர்க்கிங்". விவரத்தில் எக்ஸெப்ஷன் கோட் என்ற இடத்தில் சி000001டி.

கூடவே, மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டால் தேதி 2009 ஜனவரிக்குப் போய்விடுகிறது. இதற்கும் மேலே உள்ளவற்றுக்கும் சம்பந்தம் உண்டா? ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடிப் பார்த்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். எதை முதலில் செய்வது?

---

பதிவேடு64

சம்பந்தம் உண்டு. டிஎல்எல் இல்லை, 80240017, டாட் நெட் ஆகிய மூன்று எரர்களுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: உங்கள் டிவிடி சர்வீஸ் பேக் 1-க்கு (பல அப்டேட்களை ஒன்றாகச் சேர்த்த தொகுப்பு) முந்தையது. ஸ்டார்ட் மெனு தேடல் பெட்டியில் வின்வெர் என்று தட்டி என்டர் அடியுங்கள். வரும் பெட்டியில் பில்டு 7600 என்று இருந்தால் சர்வீஸ் பேக் இல்லை. 7601 என்றால் இருக்கிறது.

7600 என்றால், மேலே ஏறி நிற்கும் மென்பொருட்களோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. விஷுவல் சி++ 2015-இன் இன்ஸ்டாலர் தனக்குள் ஒரு விண்டோஸ் அப்டேட்டையும் சுமந்து வருகிறது: கேபி 2999226 (கேபி என்பது மைக்ரோசாஃப்ட் அப்டேட்டுக்குத் தரும் எண்), அதாவது யுனிவர்சல் சிஆர்டி. நீங்கள் பார்த்த அந்த நீளமான பெயருள்ள டிஎல்எல்கள் எல்லாம் அந்த அப்டேட்டிலிருந்துதான் வருகின்றன. சர்வீஸ் பேக் 1 இல்லாத விண்டோஸ் 7-இல் அது உட்காராது. உள்ளே இருக்கும் அப்டேட் தோற்றதும் வெளியே இருக்கும் செட்டப்பும் தோற்கிறது. 80240017 அதைத்தான் சொல்கிறது. டாட் நெட் 4.8-க்கும் குறைந்தபட்சம் சர்வீஸ் பேக் 1 வேண்டும்.

தேதியை முதலில் சரிசெய்யுங்கள். இன்றைய இன்ஸ்டாலர் எதுவானாலும் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். கணினி 2009-இல் நிற்கும்போது, பின்னாளில் வழங்கப்பட்ட சான்றிதழ் அதன் கண்ணுக்கு இன்னும் பிறக்கவே இல்லை. செல்லாது என்று தள்ளிவிடும். எச்டிடிபிஎஸ் தளங்களும் இதே காரணத்தால் திறக்காது. தேதி, நேரம் மட்டுமல்ல, டைம் ஸோனையும் பாருங்கள். பேட்டரி மாற்றும் வரை ஒவ்வொரு முறையும் கையால் சரிசெய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்தது இடம். சர்வீஸ் பேக் 1-இன் 64 பிட் தனிக் கோப்பு (கேபி 976932) சுமார் 900 எம்பி. ஆனால் அதைத் தனியாக இறக்கி ஓட்டும்போது தற்காலிகமாக 7.4 ஜிபி வரை காலி இடம் கேட்கும். உங்களிடம் 6 ஜிபிதான் இருக்கிறது, பாதி வழியில் நிற்கும். ஹைபர்னேட்டை அணைத்தால் ராம் அளவில் முக்கால் பங்கு திரும்பக் கிடைக்கும். 2 ஜிபி ராமுக்கு 1.5 ஜிபி. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, -எச், இடைவெளி, ஆஃப். பேஜ் ஃபைலை (ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் கோப்பு) டி டிரைவுக்கு மாற்றினால் இன்னும் 2 ஜிபி வரும். டிஸ்க் கிளீனப்பையும் ஒருமுறை ஓட்டுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டாலர் என்று மறைந்திருக்கும் ஃபோல்டர் பெரிதாகத் தெரியும். இடத்துக்காக அதை அழிக்கச் சொல்லும் குறிப்புகள் நிறையச் சுற்றுகின்றன. போட்ட மென்பொருட்களின் எம்எஸ்ஐ (இன்ஸ்டால் கோப்பு) பிரதிகள் அங்கேதான் இருக்கின்றன. அழித்தால் பின்னால் எதையும் நீக்கவோ அப்கிரேடு செய்யவோ போகும்போது 1612, 1714 என்று வரிசையாக எரர் வரும், மீட்பது பெரும் பாடு.

இப்போதுதான் போட்ட விண்டோஸ் என்பதால் இன்னொரு வழியும் இருக்கிறது. சர்வீஸ் பேக் 1 ஏற்கெனவே சேர்ந்த டிவிடி கிடைத்தால் அதிலிருந்து மறுபடி போட்டுவிடுங்கள். அதுதான் வேகமானது. கிடைக்காவிட்டால் கீழே உள்ள வரிசை. எல்லாவற்றையும் வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் எண்ணைத் தேடி இறக்கி, பென் டிரைவில் கொண்டுவாருங்கள்; உங்கள் கணினியில் இருக்கும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 அந்தத் தளத்தோடு போராடும். எக்ஸ்64 என்று குறித்த கோப்பைத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் ரீஸ்டார்ட்.

1. கேபி 976932, சர்வீஸ் பேக் 1.
2. கேபி 4490628. அப்டேட்களை நிறுவும் பகுதியையே புதுப்பிப்பது, 2019 மார்ச் வெளியீடு.
3. கேபி 4474419. எஸ்எச்ஏ-2 என்ற புதிய வகை டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸ் 7-க்குப் புரியவைப்பது. கேட்டலாகில் ஒன்றுக்கு மேல் இருந்தால் 2019 செப்டம்பர் தேதியிட்டதை எடுங்கள்.
4. கேபி 3063858. டிஎல்எல்களைப் பாதுகாப்பாக ஏற்றும் வசதி. லிப்ரே ஆபிஸ் போன்றவை இதைக் கேட்கும்.
5. கேபி 2999226, யுனிவர்சல் சிஆர்டி.
6. விஷுவல் சி++ 2015–2022 ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்: எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டும்.
7. டாட் நெட் 4.8 ஆஃப்லைன் இன்ஸ்டாலர். 4.8.1-ஐ எடுக்காதீர்கள், அது விண்டோஸ் 7-க்கு இல்லை.

மூன்றாவதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். 2019 நடுவிலிருந்து வந்த அப்டேட்களும், அதற்குப் பின் வந்த டிரைவர்களில் பலவும் எஸ்எச்ஏ-2-இல் மட்டுமே கையொப்பமிடப்பட்டவை. அது புரியாத விண்டோஸ் 7, நல்ல கோப்பையே கெட்டுப்போனது என்று சொல்லும். ஸ்கேனர், பிரின்டர் டிரைவர்கள் "கையொப்பம் சரிபார்க்க முடியவில்லை" என்று முரண்டு பிடிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

---

கருவிப்பெட்டி

பதிவேடு64 சார் சொன்ன வரிசை சரி. அதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

பழைய கணினி வேகமாக ஓட வேண்டும் என்று பலர் விண்டோஸ் அப்டேட் சர்வீஸையே டிஸேபிள் செய்து வைத்திருப்பார்கள். கேட்டலாகில் இறக்கும் எம்எஸ்யு என்ற அப்டேட் கோப்பை நீங்கள் கையால் டபுள் கிளிக் செய்தாலும் அதை உள்ளே இறக்குவது அந்த சர்வீஸ்தான். அது டிஸேபிளில் இருந்தால் 80070422 வரும். சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து ஸ்டார்ட்டப் டைப்பை மேனுவல் என்று வையுங்கள், போதும்.

இன்னொன்று: டிஎல்எல் இல்லை என்றதும் அந்தப் பெயரைத் தேடி, தனி டிஎல்எல் தரும் தளத்திலிருந்து இறக்கி சிஸ்டம்32-இல் போடும் பழக்கம். வேண்டவே வேண்டாம். யுனிவர்சல் சிஆர்டி ஒரு கோப்பு அல்ல, ஒன்றையொன்று அழைக்கும் பல கோப்புகள். ஒன்றைப் போட்டால் அடுத்ததைக் கேட்கும். மேலும், 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் கோப்புகள், சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருப்பவை 32 பிட். பெயரைப் பார்த்தால் தலைகீழாகத் தோன்றும், ஆனால் அப்படித்தான். 32 பிட் டிஎல்எல்லை சிஸ்டம்32-இல் போட்டால் "டிஎல்எல் இல்லை" என்ற எரர் போய் சி000007பி என்ற எரர் வரும். அதனால்தான் ரீடிஸ்ட்ரிபியூட்டபிளில் எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் போடச் சொல்கிறார்கள்: உங்கள் விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் கணக்கு மென்பொருள் 32 பிட்டாக இருக்கலாம், அதற்கு எக்ஸ்86 தான் வேண்டும்.

இனி 1603. இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. "நிறுவும்போது ஏதோ மோசமாகிவிட்டது" என்பதற்கு மேல் அதில் அர்த்தம் இல்லை. உண்மையான காரணம் லாகில் இருக்கும். லாக் எழுத வைப்பது இப்படி:

ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் எச்கீ லோக்கல் மெஷின் > சாஃப்ட்வேர் > பாலிசீஸ் > மைக்ரோசாஃப்ட் > விண்டோஸ் வரை போங்கள். அங்கே இன்ஸ்டாலர் என்ற கீ இல்லாவிட்டால் உருவாக்குங்கள். அதற்குள் லாகிங் என்ற பெயரில் ஒரு ஸ்ட்ரிங் வேல்யூ. மதிப்பு: வாய்ஸ், வார்மப் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி, கடைசியில் எக்ஸ். கேலியாகத் தோன்றினாலும் ஒவ்வொரு எழுத்தும் ஒரு வகைத் தகவலை லாகில் எழுதச் சொல்லும் சுருக்கம். நினைவில் நிற்பதற்காக இப்படிக் கலைத்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஸ்கேனர் செட்டப்பை ஓட்டி, அது தோற்க விடுங்கள். டெம்ப் ஃபோல்டரில் எம்எஸ்ஐ என்று தொடங்கி .லாக் என்று முடியும் புதிய கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்து "ரிட்டர்ன் வேல்யூ 3" என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். முதலில் கிடைக்கும் இடத்தில் நில்லுங்கள். அதற்கு மேலே பத்து இருபது வரிக்குள் காரணம் எழுதியிருக்கும். அதற்குக் கீழே வருவதெல்லாம் ரோல்பேக் (செய்ததைத் திரும்ப அழிப்பது) சத்தம், அதைப் படித்துக் குழம்ப வேண்டாம். அந்த வரிகளை இங்கே போடுங்கள். வேலை முடிந்ததும் லாகிங் வேல்யூவை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் லாக் எழுதி டெம்ப் நிரம்பும், வேகமும் குறையும்.

1618 என்று வந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். வேறொரு இன்ஸ்டால் பின்னால் ஓடுகிறது என்று பொருள். காத்திருங்கள் அல்லது ரீஸ்டார்ட் செய்யுங்கள். சேஃப் மோடில் முயலவும் வேண்டாம். விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் அங்கே இயல்பாக ஓடாது.

---

நள்ளிரவுரீபூட்

வீடியோ எடிட்டர் பற்றி யாரும் சொல்லவில்லை. சி000001டி என்பது ப்ராசஸருக்குத் தெரியாத கட்டளையை மென்பொருள் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் என்பவை ப்ராசஸருக்குத் தெரிந்த கூடுதல் கட்டளைத் தொகுப்புகள். இ7500-இல் எஸ்எஸ்இ 4.1 வரைதான் உண்டு. எஸ்எஸ்இ 4.2 அதற்கு அடுத்த தலைமுறையான நெஹலமில் 2008-இல் வந்தது, ஏவிஎக்ஸ் 2011-இல் சாண்டி பிரிட்ஜில் வந்தது. இப்போதைய வீடியோ, படம், ஏஐ சார்ந்த மென்பொருட்கள் பல இவற்றில் ஒன்றை எதிர்பார்க்கின்றன. இன்ஸ்டாலர் அதைச் சோதிக்காமல் கோப்புகளை மட்டும் பிரித்து வைத்துவிட்டுப் போய்விடும், திறக்கும்போதுதான் விழும்.

சிபியு-இஸட் என்ற சிறிய இலவசக் கருவியில் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ் என்ற வரியைப் பார்த்தால் உங்கள் சிப்பில் என்னென்ன உண்டு என்று தெரியும். மென்பொருளின் தேவைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். எந்த அப்டேட்டும், எந்த டிஎல்எல்லும் இதைத் தீர்க்காது. போர்டில் ப்ராசஸரை மாற்றலாமா என்றால் அதுவும் இல்லை: எல்ஜிஏ 775 சாக்கெட்டில் உட்காரும் எதிலும் எஸ்எஸ்இ 4.2 கிடையாது. அந்த எடிட்டரின் பழைய பதிப்பைத் தேடுவது ஒன்றுதான் வழி.

இதன் சகோதரி எரர் ஒன்று இருக்கிறது, கலந்துவிடாதீர்கள். "ப்ரொசீஜர் என்ட்ரி பாயின்ட்" ஒன்றை கெர்னல்32 டிஎல்எல்லில் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால், விஷயம் ப்ராசஸர் அல்ல. விண்டோஸ் 8 அல்லது 10-இல்தான் உள்ள வசதியை அந்த மென்பொருள் அழைக்கிறது. அப்போதும் பழைய பதிப்புதான் தீர்வு. பைத்தான் என்றால் 3.8 வரைதான் விண்டோஸ் 7-இல் ஓடும். க்யூடி 6-இல் எழுதியவை விண்டோஸ் 10 கேட்கும்.

பேட்டரி: சிஆர்2032, 3 வோல்ட். மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள்; 2.8-க்குக் கீழே போயிருந்தால் மாற்றலாம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, கிளிப்பைத் தள்ளினால் பேட்டரி எழும்பும். பிளஸ் பக்கம் மேலே பார்க்க வைக்க வேண்டும். மாற்றியபின் பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குப் போயிருக்கும். பூட் வரிசையையும் சாட்டா மோடையும் (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை: ஐடிஇ அல்லது ஏஹெச்சிஐ) பாருங்கள். சில போர்டுகளில் ஐடிஇ-யிலிருந்து ஏஹெச்சிஐ-க்கு மாறி விண்டோஸ் நீலத் திரையோடு நிற்கும். ஜி31 போர்டுகளில் பெரும்பாலும் ஐசிஎச்7 சிப் என்பதால் ஏஹெச்சிஐ-யே இருக்காது, உங்களுக்கு அந்தத் தொல்லை வராது.

மேற்கொண்டு எதையும் போடுமுன் டிஸ்க்கையும் ராமையும் சோதியுங்கள் என்பேன். இந்த வயதுக் கணினியில் "இன்ஸ்டாலர் கெட்டுவிட்டது", "சிஆர்சி எரர்", "டேட்டா எரர்" என்று வருவதில் பாதி, இறக்கிய கோப்பின் குற்றமே அல்ல. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 05 (ரீஅலொகேட்டட்), சி5 (பெண்டிங்) என்ற இரு வரிகளின் ரா மதிப்பு பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். சி5-இல் எண் இருந்தால் அந்த டிஸ்க்கில் விண்டோஸை வைத்து மல்லாடாதீர்கள், முதலில் டேட்டாவை எடுத்து வையுங்கள். ராமுக்கு விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. இரவில் எக்ஸ்டெண்டட் முறையில் ஓட விடுங்கள்.

கோப்பா, கணினியா என்று பிரித்தறிய எளிய வழி: 7-ஜிப் போட்டிருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து சிஆர்சி எஸ்எச்ஏ மெனுவில் எஸ்எச்ஏ-256-ஐத் தேர்ந்தெடுங்கள். அந்த நீண்ட எண்ணை வெளியீட்டாளர் தளத்தில் தந்திருப்பதோடு ஒப்பிடுங்கள். ஒரே கோப்புக்கு அடுத்தடுத்து எடுக்கும்போது எண் மாறிக்கொண்டே இருந்தால் ராம் அல்லது டிஸ்க்தான், சந்தேகமே வேண்டாம்.

ராமை 4 ஜிபி ஆக்க முடிந்தால் ஆக்குங்கள். ஜி31 அதற்கு மேல் ஏற்காது: 2 ஜிபி குச்சி இரண்டு, டிடிஆர்2 800.

---

பழையபெட்டி

எல்லோருக்கும் நன்றி. இதுவரை நடந்தது:

வின்வெரில் 7600 தான். பேட்டரி மாற்றியாயிற்று, தேதி நிற்கிறது. சி5, 05 இரண்டும் பூஜ்ஜியம், ராம் சோதனையிலும் குறை இல்லை. ஹைபர்னேட் நிறுத்தி, பேஜ் ஃபைலை நகர்த்தியபின் சர்வீஸ் பேக் உட்கார்ந்தது. 4490628, 4474419 சரி. ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இரண்டும் எரர் இல்லாமல் முடிந்தன, கணக்கு மென்பொருள் திறக்கிறது.

ஆனால் மூன்று இடத்தில் தடை:

கேபி 3063858-ஐத் திறந்தால் "இந்தக் கணினியில் அப்டேட்களைத் தேடுகிறது" என்று பச்சைப் பட்டை மணிக்கணக்கில் ஓடுகிறது. நிறுத்திவிட்டேன்.

டாட் நெட் 4.8 இப்போது முதல் திரையைத் தாண்டுகிறது. ஆனால் நம்பகமான ரூட் அதாரிட்டி வரை சான்றிதழ்ச் சங்கிலியை அமைக்க முடியவில்லை என்று நிற்கிறது. தேதி சரியாகத்தான் இருக்கிறது.

ஸ்கேனர் லாகில் ரிட்டர்ன் வேல்யூ 3-க்கு மேலே எரர் 1303, டி டிரைவில் ஸ்கேன் என்ற ஃபோல்டரை அணுகப் போதிய அனுமதி இல்லை என்று இருக்கிறது. நான் அட்மினிஸ்ட்ரேட்டராகத்தான் ஓட்டினேன்.

---

பதிவேடு64

பச்சைப் பட்டை: விண்டோஸ் 7-இன் தீராத நோய் அது. கையால் எம்எஸ்யு ஓட்டினாலும் முதலில் எல்லா அப்டேட்களையும் ஆன்லைனில் கணக்குப் பார்க்கக் கிளம்பிவிடும். நெட் கேபிளைப் பிடுங்குங்கள் அல்லது வைஃபையை அணையுங்கள். சர்வீசஸில் விண்டோஸ் அப்டேட்டை ஸ்டாப் கொடுங்கள் (டிஸேபிள் அல்ல, ஸ்டாப்). உடனே எம்எஸ்யு-வை டபுள் கிளிக் செய்யுங்கள், அது சர்வீஸைத் தானே எழுப்பிக்கொண்டு சில நிமிடங்களில் "நிறுவவா?" என்று கேட்கும். மிச்சமுள்ள எம்எஸ்யு எல்லாவற்றையும் நெட் இல்லாமலேயே முடியுங்கள்.

டாட் நெட்: இது தேதிச் சிக்கல் அல்ல, ரூட் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களை நம்புவதற்கு அடிப்படையானது) இல்லாத சிக்கல். அந்த இன்ஸ்டாலரின் கையொப்பம் மைக்ரோசாஃப்ட் ரூட் சர்ட்டிஃபிகேட் அதாரிட்டி 2011 என்பதில் போய் முடிகிறது. விண்டோஸ் 7 டிவிடி எழுதப்பட்டது அதற்கு முன்னால், ஆகவே உங்கள் கணினிக்கு அப்படி ஒரு அதாரிட்டி இருப்பதே தெரியாது. அந்தச் சான்றிதழை மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் .சிஇஆர் கோப்பாகத் தருகிறது. அங்கிருந்து மட்டும் எடுங்கள். கண்ட இடத்து ரூட் சான்றிதழை உள்ளே விடுவது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் சர்ட்டிஃபிகேட் கொடுத்தால் அது பெரும்பாலும் உங்கள் யூசர் கணக்கில் மட்டும் போய் உட்காரும், எரர் அப்படியே இருக்கும். இப்படிச் செய்யுங்கள்: ஸ்டார்ட் மெனுவில் எம்எம்சி என்று தட்டி அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கவும். ஃபைல் மெனுவில் ஆட்/ரிமூவ் ஸ்னாப்-இன். இடப்பக்கப் பட்டியலில் சர்ட்டிஃபிகேட்ஸ், ஆட். அடுத்து வரும் கேள்வியில் "மை யூசர் அக்கவுண்ட்" தேர்வாகியிருக்கும். அதை "கம்ப்யூட்டர் அக்கவுண்ட்" என்று மாற்றவும். நெக்ஸ்ட், லோக்கல் கம்ப்யூட்டர், ஃபினிஷ், ஓகே. இப்போது இடப்பக்கம் விரிந்த பட்டியலில் ட்ரஸ்டட் ரூட் சர்ட்டிஃபிகேஷன் அத்தாரிட்டீஸ் என்பதற்குள் சர்ட்டிஃபிகேட்ஸ் மேல் வலது கிளிக், ஆல் டாஸ்க்ஸ், இம்போர்ட். கோப்பைக் காட்டி முடிக்கவும். பட்டியலில் 2011 என்று முடியும் பெயர் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு டாட் நெட்டை மறுபடி ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் தேவையில்லை.

---

கருவிப்பெட்டி

1303-க்கு: நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டராக இருப்பது போதாது. கோப்புகளை எழுதுவது நீங்கள் அல்ல. விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் சிஸ்டம் என்ற கணக்கில் ஓடி எழுதுகிறது. டி டிரைவில் உள்ள ஸ்கேன் ஃபோல்டர் முந்தைய விண்டோஸில் உருவானது. அதன் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி டேப் பாருங்கள். பெயர்களுக்குப் பதில் கேள்விக்குறிப் படத்தோடு எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் இருந்தால், அதுதான் செத்துப்போன பழைய யூசர் கணக்கு. உரிமை இன்னும் அதன் பெயரில் இருக்கிறது.

அட்வான்ஸ்டு > ஓனர் > எடிட் போய் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, உள்ஃபோல்டர்களுக்கும் பொருந்தும்படி டிக் செய்து ஓகே. எல்லாப் பெட்டிகளையும் மூடிவிட்டு மறுபடி ப்ராப்பர்ட்டீஸ் திறங்கள். மூடாமல் தொடர்ந்தால் புதிய உரிமை அமலாகாது. செக்யூரிட்டியில் எடிட், ஆட், சிஸ்டம் என்று தட்டி செக் நேம்ஸ், ஃபுல் கண்ட்ரோல். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸுக்கும் அதேபோல். பழைய எண்ணை ரிமூவ் செய்துவிடலாம்.

இந்த வேலையை அந்த ஒரு ஃபோல்டரில் மட்டும் செய்யுங்கள். மொத்த டிரைவுக்கும், அதைவிட மோசமாக சி டிரைவுக்கும் ஓனரை மாற்றச் சொல்வார்கள். சி-யில் அப்படிச் செய்தால் விண்டோஸின் சொந்த அனுமதிகள் கலைந்து, இன்றைக்கு இல்லாத எரர்கள் நாளைக்கு வரும்.

உள்ளே முக்கியமான கோப்பு எதுவும் இல்லையென்றால் இவ்வளவும் வேண்டாம். உரிமையை எடுத்து ஃபோல்டரை வேறு பெயருக்கு மாற்றிவிடுங்கள், இன்ஸ்டாலர் புதிதாக ஒன்றைத் தானே உருவாக்கிக்கொள்ளும்.

---

பெங்குவின்பக்கம்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் ஒருவராவது சொல்ல வேண்டும். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்டின் பொதுவான ஆதரவு 2020 ஜனவரி 14-ஓடு முடிந்தது. மேலே சொன்னதெல்லாம் இன்ஸ்டால் எரரைத் தீர்க்கும், கணினியைப் பாதுகாக்காது. இந்தக் கணினியில் வங்கி வேலை, முக்கியமான மெயில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இ7500 64 பிட் சிப் என்பதால் எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப்போடு வரும் லினக்ஸ் தாராளமாக ஓடும், 4 ஜிபி ராமோடு ஒரு சாட்டா எஸ்எஸ்டி-யும் சேர்த்தால் இன்னும் நன்றாக. பென் டிரைவில் எழுதி லைவ் முறையில் பூட் செய்து, ஸ்கேனரைச் செருகி, சிம்பிள் ஸ்கேன் அதை அடையாளம் காண்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்கில் எதுவும் மாறாது. கணக்கு மென்பொருளுக்கு மட்டும் விண்டோஸ் 7-ஐ நெட் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம்.

---

நள்ளிரவுரீபூட்

பெங்குவின் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவது, ஸ்கேனர் டிரைவரும் விண்டோஸ் 7 காலத்தது. நெட்டைத் துண்டித்து வைத்துக்கொள்வது நல்ல சமரசம்.

---

பழையபெட்டி

கேபிளைப் பிடுங்கிய பின் 3063858 நிமிடங்களில் முடிந்தது. சான்றிதழ் கம்ப்யூட்டர் அக்கவுண்டில் சேர்த்ததும் டாட் நெட் 4.8 போய்விட்டது. ஸ்கேன் ஃபோல்டரில் அந்த எஸ்-1-5-21 எண்தான் இருந்தது. பெயர் மாற்றியதும் ஸ்கேனர் மென்பொருள் 1603 இல்லாமல் முடிந்தது, ஸ்கேனும் ஆகிறது. வீடியோ எடிட்டரை நீக்கிவிட்டேன்.

இரண்டு கேள்வி பாக்கி. சி-யில் இடம் இப்போது 3 ஜிபிதான், சர்வீஸ் பேக் விழுங்கியதைத் திரும்பப் பெற முடியுமா? எப்போதாவது நெட் போட வேண்டியிருந்தால் எந்த பிரவுசர்?

---

பதிவேடு64

இடம்: டிஸ்க் கிளீனப்பைத் திறந்து "கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்" பட்டனை அழுத்துங்கள். பட்டியலில் சர்வீஸ் பேக் பேக்கப் ஃபைல்ஸ் என்று ஒன்று வரும், டிக் செய்து நீக்கலாம். அதன்பின் சர்வீஸ் பேக்கைத் திரும்ப எடுக்க முடியாது, எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. பழைய அப்டேட்களின் மிச்சமும் அதே பட்டியலில் விண்டோஸ் அப்டேட் கிளீனப் என்று வர வேண்டுமென்றால் முதலில் கேபி 2852386 போட வேண்டும். நீக்கிய பின் முதல் ரீஸ்டார்ட் நீளும், நடுவில் அணைத்துவிடாதீர்கள்.

பிரவுசர்: குரோமில் விண்டோஸ் 7-க்குக் கடைசி 109. ஃபயர்ஃபாக்ஸில் 115 இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு). இரண்டில் இதைத்தான் போடுவேன், 109-க்குப் பிறகும் வெகுநாள் பாதுகாப்புத் திருத்தம் பெற்றது. இன்ஸ்டாலரை வேறு கணினியில் இறக்கும்போது தளம் அந்தக் கணினிக்கேற்ற புதிய பதிப்பைத் தானாகக் கொடுத்துவிடும், கவனம். இஎஸ்ஆர் 115, விண்டோஸ் 64 பிட் என்று நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரெஜிஸ்ட்ரியில் லாகிங் வேல்யூவை அழித்தீர்களா?

---

பழையபெட்டி

இப்போதுதான் அழித்தேன். டெம்ப்பில் இருந்த லாக்களையும் சேர்த்து.